டைமிங் செயின் மாற்றிய பிறகு கிக்கர் திருப்பி அடிக்கிறதா? ஹெட்டை இறக்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மாலை வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் கடுப்பு இன்னும் இறங்கவில்லை. ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல் பகுதி) எந்தக் கோளாறும் இல்லாத இன்ஜினுக்கு ஹாஃப் இன்ஜின் வேலை, அதாவது மேல் பாதியைப் பிரித்துச் சரிசெய்யும் வேலை, பார்க்கச் சொன்னார்கள். வேறு யாரும் அப்படிப் பணத்தை இழக்கக் கூடாது.

வண்டி 2008 ஸ்பிளெண்டர் பிளஸ், அப்பா ஓட்டியது. இடது பக்கம் கரகரவென்று செயின் சத்தம், சூடேறினாலும் அடங்காது. டைமிங் செயின் (பிஸ்டன் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கும் காம் தண்டையும் இணைப்பது), அதைத் தொய்யாமல் பிடிக்கும் டென்ஷனர் ரோலர் வாங்கி வந்து வீட்டிலேயே மாற்றினேன். மேக்னட்டை (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) இழுத்துக் கழற்றும் புல்லர் கையில் இருந்தால் இது பெரிய வேலை இல்லை. புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள், கிராங்க் மரை போய்விடும். பழைய ரோலரின் ரப்பர் உதிர்ந்து ஆயிலில் கலந்திருந்தால் வலது பக்கக் கவரையும் கழற்றி ஆயில் வலையைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

வினை வந்தது மேக்னட் கீயில். மேக்னட் கிராங்க்கில் சரியான இடத்தில் உட்கார, பாதி நிலா வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்குமே, அதுதான். பழையது ஓரம் தேய்ந்திருந்ததால் புதிது கேட்டேன். கடைக்காரர் டப்பாவில் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஸ்பிளெண்டர் கீதானா அண்ணே?”

“எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தம்பி, கொண்டு போங்க.”

மாட்டியதும் வண்டி அருமையாக ஓடியது, செயின் சத்தமும் போய்விட்டது. டவுனுக்குப் போய்த் திரும்பும்போது சிக்னலில் ஆஃப் ஆனது. உதைத்தால் கிக்கர் காலைத் திருப்பி அடித்தது, கார்புரேட்டர் பக்கம் ‘டப்’ என்று வெடித்தது. வெயிலில் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

ப்ளக்கில் ஸ்பார்க் நன்றாக இருந்தது. பெட்ரோல் வந்தது. ப்ளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து உதைத்தால் கம்ப்ரஷன் விரலைத் தள்ளியது. பிறகு கவரைத் திறந்து மேக்னட்டின் ‘டி’ குறியை (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் குறி) நேராக வைத்துப் பார்த்தால், காம் ஸ்பிராக்கெட்டின் (செயின் மாட்டும் பல்சக்கரம்) வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக இல்லை, தள்ளி நின்றது.

தெருமுனைப் பட்டறை அண்ணன் வந்து பார்த்த உடனே தீர்ப்புச் சொன்னார்: “செயின் பல்லு தாவிடுச்சு தம்பி. வால்வு வளைஞ்சிருக்கும். ஹெட்டை இறக்கி ஹாஃப் இன்ஜின் பார்த்துருவோம்.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. வால்வு வளைந்திருந்தால் இந்தக் கம்ப்ரஷன் எப்படி வரும்? புதுச் செயின், புது ரோலர், கையால் அழுத்தினாலும் தொய்வு இல்லை. அது எப்படித் தாவும்? கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் காம் ஒரு சுற்று சுற்றும். அதனால் காமில் ஒரு பல் தவறினாலே கிராங்க் கணக்கில் 20 டிகிரிக்கு மேல் போய்விடும். சும்மா சிக்னலில் நின்ற வண்டியில் அது நடக்குமா?

அப்போதுதான் ‘டி’ குறி மேலேயே சந்தேகம் வந்தது. அந்தக் குறி இருப்பது மேக்னட்டில், கிராங்க்கில் இல்லை. மேக்னட் நகர்ந்தால் குறியும் கூடவே நகரும். ஸ்பார்க் நேரமும் கெடும், காம் டைமிங் கெட்டது போலவும் தெரியும்.

இதைச் சோதிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா போதும். கம்பியை விடாதீர்கள், பிஸ்டனில் கீறல் விழும். ப்ளக் ஓட்டை வழியாக ஸ்ட்ராவைப் பிஸ்டன் மேல் நிறுத்தி மேக்னட்டை மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது போலவே இருக்கும், அதனால் உச்சியைக் கண்ணால் பிடிக்க முடியாது. உச்சிக்குக் கொஞ்சம் முன்பு ஸ்ட்ராவில் ஒரு கோடு போட்டு, மேக்னட்டிலும் ‘டி’ குறியை வைத்துப் பார்க்கும் அதே அசையாத குறிக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். உச்சியைத் தாண்டி ஸ்ட்ரா அதே கோட்டுக்கு இறங்கியதும் மேக்னட்டில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பதுதான் உண்மையான உச்சி. என் வண்டியில் அந்த நடுக்கோட்டுக்கும் ‘டி’ குறிக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருந்தது! நடுக்கோட்டை நேராக வைத்தேன், காம் குறி கச்சிதமாக வெட்டுக்கு நேராக வந்து நின்றது. செயின் அசையவே இல்லை. ‘டி’ குறியை நம்பிச் செயினை ஒரு பல் மாற்றியிருந்தால், ஒழுங்காக இருந்த காம் டைமிங்கும் கெட்டிருக்கும்.

நட்டைக் கழற்றி புல்லரை வைத்ததும் மேக்னட் எதிர்ப்பே இல்லாமல் வந்தது. கீ இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. வெர்னியரில் அளந்தால் பழைய கீயை விட இது உயரம் அதிகம். கிராங்க் முனை கூம்பு வடிவம், மேக்னட்டைப் பிடித்து வைப்பது அந்தக் கூம்பின் இறுக்கம்தான். கீ உயர்ந்து நின்றதால் மேக்னட் கூம்பில் முழுசாக உட்காரவில்லை. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பாரம் எல்லாம் கீயின் மேல் விழுந்து கடைசியில் அது வெட்டுப்பட்டது.

கடையில் காட்டினேன். “மாட்டுனதைத் திருப்பி எடுக்க மாட்டோம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய கீயையும் வெர்னியரையும் கையோடு கொண்டுபோய் வேறு கடையில் அளந்து வாங்கினேன்.

கூம்பில் கீறல் விழுந்திருந்தது. கீ இல்லாமல் மெல்லிய வால்வு பேஸ்ட் (உரசித் தேய்க்கும் பசை) தடவி, மேக்னட்டைக் கையால் லேசாகத் திருகித் தேய்த்தேன். பேஸ்ட் ஆயில் சீலுக்குள் போகாமல் துணி சுற்றுவது முக்கியம். அப்புறம் பெட்ரோலில் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும், அந்த இடத்தில் ஆயிலோ கிரீஸோ இருக்கக் கூடாது. நட்டுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), மேனுவலில் சொன்ன அளவு. கவர் மூடும் முன் இன்ஜின் ஓடும் திசையிலேயே இரண்டு சுற்று கையால் சுற்றிக் குறிகளைச் சரிபார்த்தேன். குறியைத் தாண்டிவிட்டுப் பின்னால் திருப்பினால் செயின் தொய்வு இடம் மாறி, தப்பாகக் காட்டும். ‘எஃப்’ குறி ஸ்பார்க்குக்கானது, அதை ‘டி’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உடைந்த கீயைப் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இதே மாதிரி கிக்கர் திருப்பி அடிக்கிற வண்டி இன்னொன்று பட்டறையில் நிற்பதாகச் சொன்னார். அதையும் முதலில் ஸ்ட்ரா விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.