அப்பாவைவிட இளைய மலை

அப்பா 1942-இல் பிறந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மலையை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைவிடச் சின்னப் பய. புகையை மட்டும் இன்னும் விடல பாரு" என்றார். அவர் சிகரெட்டை விட்டு இருபது வருடமாகிறது.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், டோயா ஏரிக்கு அருகே நிற்கிறது ஷோவா ஷின்சான். ஷோவா, அதாவது பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக் காலத்துப் புதுமலை என்று அர்த்தம். 1943 டிசம்பர் கடைசியில் நிலம் நடுங்கத் தொடங்கியபோது இங்கே மலையே கிடையாது, கோதுமை வயல்தான். அடுத்த ஜூனில் வெடித்தது. பிறகு, ஓடி வழியாத அளவுக்குக் கெட்டியான எரிமலைக் குழம்பு, காளான் மண்ணை முட்டிக்கொண்டு வருவதுபோல வயலைத் தலையில் சுமந்தபடி மேலே வந்தது. 1945 செப்டம்பரில்தான் நின்றது. சுமந்து வந்த மண் அந்தச் சூட்டில் வெந்து செங்கல் நிறமாகிவிட்டது. அந்தச் சிவப்புச் சரிவின் இடுக்குகளில் இன்றும் வெள்ளையாக ஆவி கசிகிறது. ஏற அனுமதி இல்லை. அப்பாவுக்கு அதில் நிம்மதி.

போர்க்காலம் என்பதால் அரசு விஷயத்தை வெளியே விடவில்லை. பார்த்துக் குறித்து வைத்தவர் உள்ளூர் போஸ்ட் மாஸ்டர் மிமாட்சு மசாவோ. கிடைமட்டமாக நூல் கட்டி, தலை அசையாதபடி முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, எப்போதும் ஒரே இடத்திலிருந்து மலையின் விளிம்பை வரைந்தார். போர் முடிந்ததும் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கினார். இனி ஒரு மணி கோதுமைகூட விளையாத நிலம்! 1948-இல் ஆஸ்லோவில் நடந்த எரிமலை மாநாட்டில் நிபுணர்கள் அவர் படத்தைப் பார்த்து வியந்தார்கள்.

அடிவாரத்திலுள்ள அவரது நினைவகத்தில் அப்பா அந்தப் படத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றார். அடியில் தட்டையாக ஒரு கோடு. அதன்மேல் லேசாகப் புடைத்த ஒன்று. அதற்கும் மேலே இன்னொன்று. பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தித் தலைக்கு நேரே பென்சிலால் கோடு போடுவோமே, அதேதான். எனக்கு அப்பா போட்ட கோடுகள் பழைய வீட்டோடு போயின.

ரோப்வேயில் பக்கத்து உசு மலைக்குப் போனோம். மேலிருந்து டோயா ஏரி அழகுதான். ஆனால் என் கண் சிவப்பு மலையை விட்டு நகரவில்லை. வளர்ந்து முடித்தபோது 407 மீட்டர் இருந்தது, ஆறி, தேய்ந்து இப்போது 398 என்று அப்பாவிடம் சொன்னேன்.

"நானும்தான் ஒரு இஞ்ச் குறைஞ்சிட்டேன்" என்றார்.