மூச்சுக்காற்றைத் தானே தயாரிக்கும் விமானம்

போர் விமானி முகமூடி வழியாக இழுக்கும் ஆக்சிஜன் சிலிண்டரில் இருந்துதான் வருகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முன்பு மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவ ஆக்சிஜனைத் தரையிலேயே நிரப்பி அனுப்புவார்கள். தீர்ந்தால் இறங்க வேண்டியதுதான்.

இப்போது பல விமானங்கள் பறந்துகொண்டே தயாரித்துக்கொள்கின்றன. எஞ்சின் அழுத்திய காற்றில் கொஞ்சத்தை எடுத்துக் குளிரவைத்து, சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் நிரப்பிய கலனுக்குள் செலுத்துகிறார்கள். அழுத்தத்தில் அது நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். அழுத்தத்தைக் குறைத்தால் பிடித்த நைட்ரஜனை விட்டுவிடும். ஒரு கலன் வேலை செய்யும்போது இன்னொன்று தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். காற்றில் கொஞ்சம் இருக்கும் ஆர்கான் என்ற வாயுவை ஆக்சிஜனிலிருந்து பிரிக்க முடியாததால் தூய்மை சுமார் 95 சதவீதத்தோடு நின்றுவிடும். அது போதும்.

சரி, பிரச்சினையே வராதா? 2011இல் அமெரிக்காவின் எஃப்-22 விமானிகளுக்குத் தலைசுற்றலும் குழப்பமும் வர, மொத்த விமானங்களையும் நான்கு மாதங்களுக்கு மேல் தரையில் நிறுத்தினார்கள். எல்லோரும் ஆக்சிஜன் கருவியைத்தான் சந்தேகித்தார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கடைசியில் மாட்டியது விமானி அணியும், காற்றால் ஊதும் மேலுடுப்பின் ஒரு வால்வு! தேவையில்லாத நேரத்தில் உடுப்பு ஊதி, மார்பை இறுக்கி, மூச்சை விரிய விடாமல் செய்திருக்கிறது. அப்புறம் வால்வை மாற்றினார்கள்.