சொட்டு நீர் மானியம் வாங்க நெனைக்கறவங்க மொதல்ல பட்டாவப் பாருங்க

காங்கேயம் பக்கம் எங்க மாமாவுக்கு 3 ஏக்கர் தென்னந்தோப்பு, தண்ணிக்கு ஒரே ஒரு போர் தான். சித்திரையில மோட்டார் போட்டா வாய்க்கால் நனையறதுக்குள்ளயே தண்ணி நின்னு போயிரும், சரி சொட்டு நீருக்கு எழுதிப் போடலாம் மாமானு நான் தான் ஆரம்பிச்சேன். "அதுக்கெல்லாம் ஆரு கண்ணு அலையறது"ன்னாரு.

5 ஏக்கர் வரைக்கும் இருக்கற சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75, ரெண்டுமே அரசு நிர்ணயம் பண்ணுன விலைக்குள்ள தான். சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், பேங்க் பாஸ்புக், தாசில்தார் குடுக்கற சிறு குறு விவசாயி சான்றிதழ், இதெல்லாம் இ-சேவை மையத்துலயும் விஏஓ கிட்டயும் போய்க் கேட்டா வந்துருதுங்க.

மாட்டுனது பட்டாவுல தான். அது இன்னும் எங்க அப்புச்சி, அதான் அம்மாவோட அப்பா பேர்ல இருந்துச்சு, அவரு போய்ப் பல வருசம் ஆச்சு. வாரிசு சான்றிதழ் எடுத்தா அம்மா, பெரியம்மா பேரும் அதுல வருது, வரத்தான செய்யும், அவங்களுக்கும் சமபங்கு இருக்குதுங்களே. ரெண்டு பேரும் மனசார அவங்க பங்க மாமாவுக்கு விட்டுக் குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தாங்க, பதிவு பண்ணி பட்டா மாறுறதுக்குள்ள ஒரு வெள்ளாமைக் காலமே போயிருச்சு. உங்க வீட்லயும் இப்படி இருந்தா பொறந்த பொண்ணுககிட்ட வீட்லயே உக்காந்து பேசுங்க, அவங்களுக்கு என்ன செய்யோணுமோ அத மொதல்ல செய்யுங்க, பத்திர ஆபீஸ் வாசல்ல நின்னுட்டு பேசற பேச்சில்லைங்க அது.

அதுக்கப்பறம் எல்லாம் வேகம். சொட்டு நீர் போடற கம்பெனிய அரசு லிஸ்ட்ல பாத்து நாமளே எடுத்துக்கலாம், அவங்க ஆள் வந்து தோப்ப அளந்து டிசைன் போட்டாங்க, ஒர்க் ஆர்டர் வந்துச்சு, பைப் போட்டு ஓட்டிக் காட்டுனதும் ஆபீஸ்ல இருந்து வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், எழுதிப் போடறதுக்கு முன்னாடியே போர் தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுத்துருங்க. நம்ம பக்கம் உப்புத் தண்ணி ஜாஸ்தி, சொட்டுவாய்ல உப்பு படிஞ்சு அடைச்சுக்கும், ரிப்போர்ட் கைல இருந்தா எந்த பில்டர் வேணும், எப்ப ஆசிட் விடோணும்னு கம்பெனிக்காரங்ககிட்ட நெஞ்ச நிமித்திக் கேக்கலாம். பில்டர அடிக்கடி கழுவி, லேட்டரல், அதான் சொட்டுவாய் இருக்கற சின்னக் குழாய், அதோட கடைசி மூடியக் கழட்டி அழுக்குத் தண்ணிய ஓட விட்டுருங்க. அப்பறம் தென்ன மட்டைய எரிக்காம மரத்தடியிலயே மூடாக்கா போடுங்க, மாமா இப்ப அதத்தான் பண்றாரு, வெயில்லயும் அடி மண்ணு ஈரமா இருக்குதுங்க.