ஒரு சுத்தியல், இரண்டு சான்றிதழ்

கப்பல்களின் உறுதியைச் சோதித்துச் சான்றளிக்கும் கிளாஸ் சங்கம் ஒன்றில் சர்வேயராக இருந்த காலத்தில், "நீங்கள் அரசாங்க ஆளா, கம்பெனி ஆளா?" என்று மாலுமிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் பல்லாஸ்ட் டேங்குக்குள் நான் இறங்குவது ஒரு தடவைதான். மேலே வந்து எழுதுவது இரண்டு சான்றிதழ். ஒன்று கிளாஸ் சான்றிதழ். கப்பல் எங்கள் சங்கத்தின் விதிப்படி இருக்கிறது என்று உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தத்தின்பேரில் தருவது. மற்றது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் உடன்படிக்கை கேட்கும் சான்றிதழ். அது கொடி நாட்டின், அதாவது கப்பல் பதிவான நாட்டின், பொறுப்பு. அந்த நாடு எங்களுக்கு அதிகாரம் தந்திருப்பதால் அதன் சார்பில் கையெழுத்துப் போடுகிறோம். இரண்டுக்கும் பணம் தருபவர் கப்பல்காரர். இது எனக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது.

ஒருமுறை ஒரு பழைய சரக்குக் கப்பலில், 14 மி.மீ. தடிமன் இருக்க வேண்டிய தகட்டில் கருவி 9.6 காட்டியது. பக்கத்தில் சுத்தியலால் தட்டினேன். துரு பாளம் பாளமாக உதிர்ந்தது. "சார், அடுத்த டிரை டாக் வரைக்கும் விட்டுக்கொடுங்களேன், சரக்கு காத்திருக்கிறது" என்றார் கம்பெனி சூப்பரின்டென்டென்ட். கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்ப்பதுதான் டிரை டாக். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள்.

அப்போது எனக்கு 'நிக்கோலஸ் எச்' கப்பல்தான் நினைவுக்கு வந்தது. 1986இல் அதன் உடலில் விரிசல். நிரந்தரப் பழுதுபார்ப்பு வேண்டும் என்று முதலில் சொன்ன கிளாஸ் சங்க சர்வேயர், பிறகு தற்காலிக வெல்டிங்குக்குச் சம்மதித்தார். கிளம்பிய சில நாளில் கப்பல் சரக்கோடு மூழ்கியது. சரக்குக்காரர்களுக்குக் கிளாஸ் சங்கம் பொறுப்பில்லை என்று 1995இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. 1999இல் பிரெஞ்சுக் கரையருகே உடைந்த 'எரிக்கா' எண்ணெய்க் கப்பல் வழக்கிலோ, சான்றளித்த சங்கமும் குற்றவாளிதான் என்று 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. நாட்டின் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிசகினால் விலகிக்கொள்வது எப்படி நியாயமாகும்?

தகட்டை மாற்றாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் தாமதம், ஏகப்பட்ட போன். வேலை முடிந்ததும் மறுபடி இறங்கி, புது வெல்டிங்கை டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஏணி ஏறி வெளியே வந்தபோது மாலுமிகளின் தலைவரான போசன் கை நீட்டித் தூக்கிவிட்டார். "இப்போ போகலாமா சார்?" என்று கேட்டார். போகலாம் என்றேன்.