மலைவேம்பு கனூவில் படாக் கோடு: சிவப்பு பரவாமல் தேய்ப்பது எப்படி

கனூவில் (துடுப்புப் படகு) படாக் என்ற சிவப்பு மரத்தால் போட்ட கோடு ஒருவழியாகச் சுத்தமாக நின்றுவிட்டது. அந்த மரத்தின் சிவப்பு பக்கத்து மரத்தில் பரவிவிடும், அதுதான் பயம். மெல்லிய மரப்பட்டிகளை (ரீப்பர்) ஒட்டிச் செய்த 14 அடி கனூ, உடம்பு முழுக்க மலைவேம்பு, மேலிருந்து நாலாவது ரீப்பருக்குக் கீழே 8 மி.மீ. அகலத்தில் ஆப்பிரிக்க படாக். வெளிப்பக்கம் முதல் கோட் எபாக்சி (இறுகும் பிசின்) ஏறியாயிற்று. பக்கத்து ரீப்பரில் சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

மற்ற ரீப்பரெல்லாம் 19 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம். படாக்கையும் அதே அகலத்தில் வைத்தால் மூக்குப் பக்கம் மேலே ஏறும் வளைவுக்கு இணங்காது. கிளாம்ப் போட்டு இழுத்தால் நார் குறுக்கே ஓடும் இடத்தில் பட்டென்று முறியும். அகலத்தைப் பாதியாக்கினால் அந்தத் திசையில் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

தலைவலி முழுக்க தேய்ப்பதில்தான். படாக் கன அடிக்கு 20 கிலோவைத் தாண்டும், மலைவேம்போ மெத்து. ஆர்பிட்டல் சாண்டரை (உப்புத்தாள் சுழலும் மெஷின்) மேலே ஓட்டினால் இரண்டு பக்கமும் குழிந்து, படாக் மட்டும் வரப்பு மாதிரி நிற்கும். அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். வார்னிஷ் அடித்த பிறகு ஊருக்கே தெரியும். முதலில் சின்ன இழைப்புளியால் படாக்கை மட்டும் மட்டத்துக்கு இறக்கி, அப்புறம் ஸ்க்ரேப்பர் தகடு. தகட்டில் சுருள்தான் வரும், தூள் குறைவு. சிவப்புக்குப் பாதி மருந்து அதுவே. கடைசியாக 2 அடிப் பலகையில் 80 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, சாய்வாக நீள இழுப்பு. முகமூடி கட்டாயம், படாக் தூள் மூக்கை எரிக்கும்.

தூளை வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். கம்ப்ரசர் காற்று வேண்டாம், பக்கத்து நாருக்குள் கொண்டுபோய்த் திணித்துவிடும். அசிட்டோன், தின்னர் துணி படவே கூடாது. படாக் சாயம் அதில் கரையும். பிரெஞ்ச் பாலிஷால் சீல் பண்ணலாம் என்பவர்கள் அதிலும் ஸ்பிரிட் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். எபாக்சியே சீல். பிரஷ்ஷைக் கோட்டின் நீளவாக்கில் மட்டும் இழுக்க வேண்டும், குறுக்கே ஒரு இழுப்பு போதும், போச்சு.

தர்மபுரி வெயிலுக்கு மத்தியானம் எபாக்சி கலக்காதீர்கள். மரம் சூடேறும்போது உள்ளேயிருக்கும் காற்று வெளியேறிக் கொப்புளம் விடும். சாயங்காலம் மரம் ஆறும்போது அடித்தால் ரெசினை உள்ளே இழுக்கும். 150 மி.லி.க்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம். கலக்கியதும் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள், டம்ளரில் நின்றால் புகையும்.

படாக் வாங்கியது பெங்களூரில். நல்லா காய்ந்தது என்றார்கள், ஈரப்பத மீட்டரில் 18% காட்டியது. 12%க்கு இறங்கும்வரை நிழலில் அடுக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிய கணக்கு. செம்மரம் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: வனத்துறைச் சீட்டு இல்லாத துண்டு பட்டறைக்குள்ளேயே வரக் கூடாது.

விளிம்புக் கட்டைக்குப் பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து ஈட்டி மரம் (ரோஸ்வுட்) தேடிக்கொண்டிருக்கிறேன். அது எண்ணெய் மரம், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்தே ஆக வேண்டும். படாக்குக்கு ஆகாதது இதற்கு அவசியம் என்பதால், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வராதபடி நடுவில் ஒரு மலைவேம்பு ரீப்பராவது விட வேண்டும்; இங்கே நாலு இருக்கிறது. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஃபைபர் துணி வந்துவிட்டது. உள்பக்கம் இன்னும் ஸ்க்ரேப்பர் தகடே வைக்கவில்லை.