தன்னைத் தானே சுட்டும் வகைகளும் என் ஏற்றுமதிக் கோப்பும்

கும்பகோணத்தில் ஓய்வு நேரங்களில் நான் எழுதிவரும் சிறு கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), ஒரே நிரலை எத்தனை முறை கம்பைல் செய்தாலும் பைட் பிசகாத ஏற்றுமதிக் கோப்பை ஒருவழியாகத் தந்துவிட்டது. ஒரு பேக்கேஜ், அதாவது நிரல் தொகுதி, வெளியே காட்டும் பெயர்களையும் தரவு வகைகளையும் பிற பேக்கேஜ்கள் படித்துக்கொள்ளப் பதிந்துவைப்பதே அந்தக் கோப்பு. என்னை நெடுநாள் அலைக்கழித்தவை தன்சுட்டு வகைகள், அதாவது சுற்றி வந்து தம்மையே சுட்டும் தரவு வகைகள்.

சோதனைக்காக ‘பாசனம்’ என்றொரு பேக்கேஜ் வைத்திருக்கிறேன். அதில் ‘வாய்க்கால்’ என்னும் வகைக்குள் மதகுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு ‘மதகு’ம் தன் வாய்க்காலைச் சுட்டுகிறது. ஒன்றை எழுதப் புகுந்தால் மற்றொன்று வந்து நிற்கும், அதை எழுதினால் முதலாவது மறுபடி வரும். உள்ளடக்கத்தைத் தொடுமுன்பே வகைக்கு ஓர் எண்ணை ஒதுக்கி, அதை வரிசையில் நிறுத்திவிட்டால் எழுதும் பக்கம் தீர்ந்துவிடுகிறது. படிக்கும் பக்கம்தான் உயிரை வாங்கியது. பெயர் மட்டுமுள்ள வெற்று வகையை முதலில் பதிந்துவிட்டுப் பிறகு புலங்களை, அதாவது அதன் உள் உறுப்புகளை, படிப்பது எளிதுதான்; ஆனால் அந்த இடைவெளியில் எந்தச் செயற்கூறும் (ஃபங்ஷன்) அதன் அளவைக் கேட்டுவிடக் கூடாது. 64 பிட் இயந்திரத்தில் சுட்டி (நினைவக முகவரி) என்றால் 8 பைட் என்று சொல்லிவிடலாம். மதிப்பாகவே உள்ளே பொதிந்த வகைக்கோ அது முழுமை பெறும்வரை அளவே கிடையாது. ஆகவே அளவுக் கணக்கையும் மெத்தட் (வகையோடு இணைந்த செயற்கூறு) தொகுப்பையும் வரிசை காலியாகும்வரை ஒத்திவைத்தேன். அதன் பிறகே கோப்பு ஒழுங்காகத் திரும்பி வந்தது.

பைட் பிசகாமைக்குக் குறுக்கே நின்றது மேப், அதாவது பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணை. என் கம்பைலர் கோ (Go) என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அம்மொழி மேப்பைச் சுற்றிவரும் வரிசையை வேண்டுமென்றே மாற்றிக்கொண்டே இருக்கும். எனவே பெயர்களை அகரவரிசைப்படுத்திய பின்னரே எழுதுகிறேன். அங்கும் ‘கொள்ளிடம்’ தொல்லை கொடுத்தது: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்க முடியும் என்பதால், கண்ணுக்கு ஒன்றான பெயர் கோப்பில் இரண்டாகிவிடும். இப்படிப் பிரிந்தவற்றை ஒரே வடிவாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தை, நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் லெக்ஸரிலேயே செய்துவிடுவதுதான் சரி. ‘வாய்க்கால்’ என்ற ஒரு பெயரே யுடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் 30 பைட் பிடிப்பதால், பெயர்களைத் தனி அட்டவணையில் ஒருமுறை மட்டும் வைத்து, மற்ற இடங்களில் அதன் இடஎண்ணை வேரின்ட்டாக (சிறிய எண்ணுக்குக் குறைந்த பைட் பிடிக்கும் முறை) எழுதுகிறேன். கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி (xxd) கருவியோ தமிழ் முழுவதையும் வெறும் புள்ளிகளாகக் காட்டித் தொலைக்கிறது. சலித்துப்போய், கோப்பைப் பார்க்க எனக்கென்றே ஒரு கருவி எழுதிக்கொண்டேன்.

கோ மொழியில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரே வெளியே தெரியும். தமிழுக்கு அது ஒத்துவராது என்பதால் என் மொழியில் ‘பொது’ என்று முன்னால் எழுத வேண்டும். ‘மதகு’ பொது அல்ல. ஆயினும் பொதுவான வாய்க்காலின் புலம் வழியே அதை எட்ட முடியும் என்பதால் அதையும் கோப்பில் சேர்த்தே ஆக வேண்டும்.

கோவின் ஏற்றுமதிக் கோப்பும் 1.7 பதிப்பில், 2016இல், உரை வடிவத்தை விட்டு இரும வடிவத்துக்கு வந்தது. 2018இல் வந்த 1.11, வேண்டிய அறிவிப்பை மட்டும் எடுத்துப் படிக்க உதவும் சுட்டுவரிசை வடிவத்துக்கு மாறியது. நானும் அப்படியொரு சுட்டுவரிசையைச் சேர்க்கப்போகிறேன். ஆனால் இன்லைன் செய்யத்தக்க, அதாவது அழைக்கும் இடத்திலேயே உடலைப் பதியத்தக்க, சிறு செயற்கூறுகளின் உடலை எழுதும் பகுதி இன்னும் பாதியில் நிற்கிறது. அவற்றின் வரி எண்களை முந்தைய வரியிலிருந்து வேறுபாடாகக் குறித்து, எதிர்ம எண்களுக்கு, அவற்றை நேர்ம எண்களாக மாற்றி எழுதும் ஜிக்ஜாக் முறையைக் கையாள எண்ணியிருக்கிறேன். ஜெனரிக் வகைகளை (வேறொரு வகையை அளபுருவாக ஏற்பவை) அதற்குப் பிறகுதான் தொடுவேன்.