ஆன்லைனில் தரவு எடுத்த கதை: போலிகளும் அக்விட்டன்ஸும்

ஆன்லைனில் ஆள் சேர்த்து உளவியல் ஆய்வு செய்யப்போகிறீர்களா? பரிசுக் கூப்பன் உண்டு என்று எழுதிய இணைப்பைப் பொதுவெளியில் போட யாரையும் விடாதீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லியும், "ஆள் சீக்கிரம் சேரும்" என்று எங்கள் துறையின் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். சேர்ந்தது. நள்ளிரவு தாண்டி, நிமிடத்துக்கு ஒன்றாக, ஒரே அச்சில் வார்த்த மின்னஞ்சல் முகவரிகளோடு.

ஆய்வு என்னவோ எளியதுதான். பச்சை நிறத்தில் 'சிவப்பு' என்ற சொல் திரையில் வரும். சொல்லை விட்டுவிட்டு எழுத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1935இல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் வெளியிட்ட அதே சோதனையின் தமிழ் வடிவம். சொல்லும் நிறமும் பொருந்தாதபோது பதில் தாமதமாகும், அதுதான் ஸ்ட்ரூப் விளைவு. உலாவியிலேயே உளவியல் சோதனைகளை நடத்த உதவும் ஜேஎஸ்சைக் என்ற கருவியில் நிரல் எழுதியது, நெறிமுறைக் குழு அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

போலிகளைக் களைய எல்லோரும் முதலில் சொன்னது ஐபி முகவரியைப் பார் என்று. 2018இல், காசுக்கு ஆன்லைனில் சிறு வேலைகள் செய்ய ஆள் பிடிக்கும் தளமான அமேசானின் மெக்கானிக்கல் டர்க்கில், ஐபி காட்டும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து பதில்கள் குவிவதை ஆய்வாளர்கள் கவனித்துப் பெரிய பரபரப்பானது உண்மைதான். அதற்காக அந்த முறையை இங்கே அப்படியே செய்தால் அடிபடுவது நிஜ ஆட்கள். நம் ஊர் செல்பேசி நிறுவனங்கள் ஒரே ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. திருநெல்வேலியில் உட்கார்ந்திருப்பவரை அந்த ஐபி சென்னை என்று காட்டும். ஹாஸ்டல் வைஃபை என்றால் கேட்கவே வேண்டாம், ஒரு மாடி முழுக்க ஒரே முகவரி.

அடுத்தது கவனச் சோதனை. 'இந்தக் கேள்விக்கு மூன்றாவது விடையைத் தேர்ந்தெடுக்கவும்' என்கிற ரகம். இப்போதெல்லாம் ஏஐ கருவிகள் இதை ஊதித் தள்ளிவிடுகின்றன. அவசரத்தில் படிக்கும் நல்ல மனிதர்கள்தான் தவறுகிறார்கள். இதைவிட, நடக்கவே வாய்ப்பில்லாத ஒன்றைக் கேட்பது மேல். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2022இல் ஓர் ஆன்லைன் கருத்துக்கணிப்பில் 'அணு நீர்மூழ்கிக் கப்பல் இயக்க உரிமம் வைத்திருக்கிறீர்களா' என்று கேட்டது. தானாக வந்து சேர்ந்தவர்களில், 30 வயதுக்குக் கீழ் என்று சொல்லிக்கொண்டவர்களில் 12 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள்!

எனக்குக் கைகொடுத்தது இன்னொரு கேள்வி: இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்? நிஜ ஆட்கள் "2 இட்லி", "ஒண்ணும் சாப்டல", "நேத்து வச்ச குழம்பு, தோசை" என்று எழுதியிருந்தார்கள். போலிகளோ "நான் இன்று காலை ஆரோக்கியமான சிற்றுண்டியை உட்கொண்டேன்" என்றன. அதுவும் ஒரே காலையில் பல பேர் அதையே உட்கொண்டிருந்தார்கள்.

முதல் சுற்றுத் தரவை மொத்தமாகக் கழித்தோம். அப்போது ஒரு சீனியர் சொன்ன யோசனையை எச்சரிக்கையாகவே எழுதுகிறேன்: "ஸ்ட்ரூப் விளைவு வராதவங்களை மட்டும் தூக்கிடு, மிச்சம் சுத்தமா இருக்கும்." இருக்கும்தான்! எந்த முடிவைத் தேடுகிறோமோ அது வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் அப்புறம் ஆய்வு எதற்கு? யாரை நீக்குவது என்ற விதிகளைத் தரவு வருமுன்பே எழுதி, ஆய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதிந்துவைக்க உதவும் ஓஎஸ்எஃப் தளத்தில் பதிந்துவிடுங்கள். நான் எழுதியவை: 200 மில்லிவினாடிக்குள் வந்த பதில் செல்லாது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு முன்பே தட்டியது, பாதியில் வேறு திரைக்குத் தாவினால் அந்தப் பகுதி செல்லாது. தாவுவதை ஜேஎஸ்சைக் தானே குறித்துவைக்கும்.

இரண்டாவது சுற்றில் ஒருவருக்கு ஒரு இணைப்பு, ஒருமுறைதான் திறக்கும், வகுப்புப் பிரதிநிதிகள் வழியாக மட்டும். நத்தை வேகம், ஆனால் வந்தவர்கள் மனிதர்கள். செல்பேசியில் செய்கிறவர்களிடம் இரவு வெளிச்ச வடிகட்டியை அணைக்கச் சொல்லுங்கள். அது திரையையே மஞ்சளாக்கிவிடும், நிறச் சோதனைக்கு அதைவிடக் கேடு இல்லை. கருவிக்குக் கருவி நேரம் மாறுமே என்று கவலைப்பட வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகமே, அதாவது திரை ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும் நேரமே, சுமார் 17 மில்லிவினாடி; ஆனால் ஒப்பிடுவது ஒரே ஆளின் இரண்டு வகைப் பதில்களை என்பதால், இரண்டுக்கும் பொதுவான தாமதம் கழிந்துவிடும்.

இதெல்லாம் தாண்டி என்னை நிஜமாகவே அழவைத்தது கணக்குப் பிரிவு. பங்கேற்பாளருக்குப் பணம் கொடுத்ததற்கு அக்விட்டன்ஸ், அதாவது பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வேண்டுமாம். பெயர், முகவரி, கையெழுத்து, அதுவும் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்குத்தான் ஸ்டாம்ப், நான் கொடுத்தது தலைக்கு 50 ரூபாய் என்றேன். "ரூல் எங்களுக்குத் தெரியும் மேடம்." பெயரே கேட்கக்கூடாது என்று நெறிமுறைக் குழு எழுதிக் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். "அது அவங்க ரூல்."

கடைசியில் வழி பிறந்தது கணக்குப் பிரிவின் மேலதிகாரியிடம். யுபிஐ பரிவர்த்தனை எண், பங்கேற்பாளர் குறியீட்டு எண், தொகை மூன்றும் உள்ள பட்டியல், கீழே துறைத்தலைவர் சான்று. யுபிஐ விவரம் இருக்கும் கோப்பைப் பதில்கள் இருக்கும் கோப்போடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள். நெறிமுறைக் குழு அதைத்தான் முதலில் கேட்கும்.

ஸ்ட்ரூப் விளைவு பளிச்சென்று வந்தது. செலவுத் தொகை இன்னும் வரவில்லை. பட்டியலில் மொத்தத்தை எழுத்தால் எழுதவில்லையென்று கோப்பு திரும்பி வந்திருக்கிறது, நாளை எழுதிக் கொடுக்க வேண்டும்.